பதில்: 20 வருஷப் பழைய பாய்லரை எடுத்துட்டு ஹீட் பம்ப் போடலாமா?

தாராளமா போடலாம். பாய்லர் எரிபொருளை எரிச்சு வீட்டைச் சூடாக்கற தண்ணியைக் காய்ச்சும்; ஹீட் பம்ப் கரண்ட்ல ஓடி, வெளியில இருக்கற சூட்டை இழுத்து அதே வேலைய செய்யும். ஆனா மாட்ட வர்றவர் சொன்னாருன்னு எழுதியிருக்கீங்களே, பழைய பாய்லர் 28 கிலோவாட் அதனால ஹீட் பம்ப்பும் அதே சைஸ்னு, அதுக்கு மட்டும் தலையாட்டிடாதீங்க ப்ளீஸ். அப்பல்லாம் பாய்லரைத் தேவைக்கு மேல பெருசாத்தான் போட்டுடுவாங்க. சுவர், ஜன்னல், கூரை வழியா எவ்ளோ சூடு வெளிய போகுதுன்னு ரூம் ரூமா கணக்கு போட்டாதான் சரியான சைஸ் தெரியும், அந்தக் கணக்கை எழுத்துல தராதவங்ககிட்ட வேலைய குடுக்கவே குடுக்காதீங்க. பெருசாப் போட்டா அடிக்கடி ஆன் ஆஃப் ஆகி கரண்ட்டும் வீண், கம்ப்ரஸர் ஆயுசும் குறையும்.

அதுக்கு முன்னாடி, செலவில்லாம ஒரு டெஸ்ட் பண்ணுங்க. நல்லா குளிரடிக்கிற ரெண்டு நாள் இப்ப இருக்கற பாய்லர்லயே ரேடியேட்டருக்குப் (ரூமைச் சூடாக்க, சுடுதண்ணி ஓடற பேனல்) போற தண்ணியை 55 டிகிரிக்குக் குறைச்சு ஓட்டிப் பாருங்க (மேனுவல்ல இருக்கற மினிமத்துக்குக் கீழ போகாதீங்க, பழைய மாடல்னா உள்ள ஈரம் படிஞ்சு துருப்பிடிக்கும்). வீடு கதகதப்பாவே இருந்தா ஹீட் பம்ப் நிம்மதியா சமாளிக்கும், எந்த ரூம் ஜில்லுன்னு ஆகுதோ அங்க மட்டும் பெரிய ரேடியேட்டர் போதும். 1 யூனிட் கரண்ட்டுக்கு சுமாரா 3 யூனிட் சூடுன்னு சொல்றாங்கல்ல, தண்ணி சூடு குறைய குறையத்தான் அது கிடைக்கும்.

மாடி ரேடியேட்டர் அடியில மட்டும் சூடாகலன்னீங்க, உள்ள சகதி சேர்ந்திருக்கும். புதுசு மாட்டறதுக்கு முன்னாடி பைப்பையெல்லாம் ஃப்ளஷ் பண்ணச் சொல்லுங்க. கூரை இன்சுலேஷனும் (சூடு வெளிய போகாம தடுக்கற அடுக்கு) முதல்லயே முடிச்சிடுங்க, அப்பதான் சின்ன மெஷினே போதும்னு ஆகும்.