சர்க்கரைப் புண்ணில் பூண்டும் மஞ்சளும் பூசலாமா?

கேள்வி: என் தந்தைக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய் உள்ளது. உள்ளங்காலில் வந்த புண் ஆறாமல், கட்டுத்துணியில் பச்சையாகக் கறை படிகிறது. புண்ணில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் சூடோமோனாஸ் கிருமி என்று தெரியவந்தது. பூண்டும் மஞ்சளும் கிருமிகள் தமக்குள் பேசிக்கொள்வதையே தடுத்துவிடும் என்று படித்தேன். ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு அவற்றை அரைத்துப் பூசலாமா?

பதில்: பூச வேண்டாம், மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாடிக்கை நிறுத்தவும் வேண்டாம். நீங்கள் படித்த செய்தியில் உண்மை இருக்கிறது. ஆனால் அது ஆய்வுக்கூடத்து உண்மை.

சூடோமோனாஸ் ஏருஜினோசா பாக்டீரியா ஒவ்வொன்றும் சில சிறிய வேதிமூலக்கூறுகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். கூட்டம் பெருகப் பெருக அவற்றின் செறிவும் கூடி, ஒரு வரம்பைத் தாண்டியதும், அதுவரை அடங்கியிருந்த கிருமிகள் ஒருசேர நச்சுப்பொருள்களைச் சுரக்கத் தொடங்கும். இதற்குக் கோரம் சென்சிங் என்று பெயர். நீங்கள் கட்டுத்துணியில் காணும் பச்சைக்குப் பெரும்பாலும் பயோசயனின் என்னும் நீலப்பச்சை நிறமி ஒரு காரணம். அது இந்தக் கூட்டுச் செயலில் விளைவதுதான். ராம்னோலிப்பிட் என்னும் இன்னொரு பொருள், கிருமிகளை விழுங்க வரும் வெள்ளை அணுக்களையே உடைத்து அழித்துவிடும். கிருமிகள் பயோஃபிலிம் என்னும் பிசுபிசுப்பான படலத்துக்குள் புகுந்துகொண்டால், மருந்து அவற்றிடம் எளிதில் பலிக்காது.

பூண்டை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின், எண்ணெயில் ஊறும்போது அஜோயீன் என்னும் சேர்மமாக மாறுகிறது. டென்மார்க் ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அஜோயீன் இந்தத் தகவல் பரிமாற்றத்தைக் குலைத்து ராம்னோலிப்பிட் சுரப்பைக் குறைப்பதைக் காட்டினார்கள். அந்த ஆய்விலேயே, பயோஃபிலிமுக்குள் இருந்த கிருமிகள் பெருமளவு மடிந்தது அஜோயீனுடன் டோப்ராமைசின் என்னும் ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் மஞ்சளின் குர்க்குமினையும் சீரகத்தையும் இவ்வகையில் சோதித்து, பயோஃபிலிம் உருவாவது குறைவதைக் கண்டிருக்கிறார்கள். இத்தகைய சேர்மங்கள் கிருமியைக் கொல்லாமல் அதன் ஆயுதத்தை மட்டும் பறிப்பதால், மருந்தை எதிர்க்கும் திறன் கிருமிகளிடம் மெதுவாகவே உருவாகும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. இத்துறையை நான் பெரிதும் மதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால், ஆயுதம் இழந்த கிருமியை அகற்ற உடலின் எதிர்ப்பாற்றல் வலுவாக இருந்தாக வேண்டும். கட்டுப்படாத சர்க்கரையும் காலில் குறைந்த இரத்த ஓட்டமும் தளர்த்துவது அந்த ஆற்றலைத்தான். மேலும், நாட்பட்ட தொற்றுகளில் இந்தத் தகவல் அமைப்பின் முக்கிய மரபணுவையே இழந்த சூடோமோனாஸ் வகைகளும் காணப்படுகின்றன. அவற்றிடம் இவ்வகை மருந்துக்குத் தடுப்பதற்கு அதிகம் இருக்காது. மனிதர்களிடமும் சோதித்திருக்கிறார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் நுரையீரல் நோயோடு சூடோமோனாஸ் தொற்றும் உள்ளவர்களுக்கு 8 வாரம் பூண்டு எண்ணெய்க் காப்ஸ்யூல் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வு 2010-இல் வெளியானது. ஒப்பீட்டுக்காகப் பூண்டு இல்லாத காப்ஸ்யூல் எடுத்தவர்களைவிட அவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை.

எனக்கு மிகுந்த கவலை தருவது பச்சைப் பூண்டு விழுதுதான். அதைத் தோலில் வைத்துக் கட்டினால் ஆரோக்கியமானவருக்கே கொப்புளம் எழும் அளவுக்குப் புண்ணாகலாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிக்கு அந்த எரிச்சல் தெரியாது. கட்டைப் பிரிக்கும்போதுதான் புண் பெரிதாகியிருப்பது தெரியவரும். சமையல் மஞ்சள்தூள் கிருமிநீக்கம் செய்யப்பட்டதல்ல. உலர்ந்த தூளிலும் பாக்டீரியா வித்துகள் உயிரோடிருக்கும். தவிர, மஞ்சள் படிந்த புண்ணில் சீழின் நிறத்தையும் சதையின் நிறத்தையும் மருத்துவரால் சரியாகப் பார்க்க முடியாது.

உணவில் வழக்கம்போல் பூண்டும் மஞ்சளும் சேர்த்துக்கொள்ளட்டும். காப்ஸ்யூலாக எடுப்பதென்றால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளோடு பூண்டுக் காப்ஸ்யூல் சேர்ந்தால் இரத்தக்கசிவு கூடலாம்.

அடுத்த முறை செல்லும்போது, கல்ச்சருக்குப் புண்ணின் மேற்பரப்பில் துடைத்து எடுத்தார்களா, சுத்தம் செய்தபின் ஆழத்திலிருந்து திசு எடுத்தார்களா என்று கேளுங்கள்; பின்னதே நம்பகமானது. மருத்துவர் இறந்த சதையை வெட்டி அகற்றினால் பயோஃபிலிமும் அதனுடன் பெருமளவு போய்விடும். இன்றைய நிலையில் எந்த மூலிகைச் சேர்மமும் அதற்கு ஈடாகாது. காலின் இரத்த ஓட்டத்தைச் சோதிக்கவும், புண்ணின்மேல் உடல் எடை விழாதபடி தனிக் காலணி தரவும் கேளுங்கள். சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விரல் கறுத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.