ஐஸ் கணக்கு நோட்டும் ஒன்பது லட்ச சீட்டும்

அண்ணே,

போன வாரம் தண்டையார்பேட்டையில் என் அறைக்கு நீங்களும் அண்ணியும் வந்தபோது மகள் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். பேசியதெல்லாம் நீங்கள்தான். பிளஸ் டூவில் கணினி அறிவியல் பிரிவு, தமிழ் வழி, அரசு உதவிபெறும் பள்ளி, கணக்கும் இயற்பியலும் தட்டுத்தடுமாறி பாஸ். அம்பத்தூர் மச்சான் 'ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ்' பி.இ.க்கு மேனேஜ்மென்ட் சீட் பேசி முடித்துவிட்டார். நாலு வருஷத்துக்கு ஒன்பது லட்சம், முதல் தவணை உடனே. "புள்ள வாழ்க்கை என்னாவுமோன்னு தூக்கமே வர்ல சார்" என்றீர்கள். நானும் "பயப்படாதீங்கண்ணே, பார்த்துக்கலாம்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்த ஆறுதலை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அந்த சீட் வேண்டாம்.

முதலில் பணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு கிளம்பாவிட்டால், படகுகளுக்கு நீங்கள் விற்கும் ஐஸும் கிளம்பாது. பிளஸ் டூ ரிசல்ட்டும் கல்லூரிக் கட்டணமும் வருஷா வருஷம் சரியாக இந்த நாட்களில்தான் வந்து நிற்கின்றன. முதல் தவணைக்குத் தண்டல், அதாவது தினமும் வசூலிக்கும் வட்டிக் கடன், வாங்கலாம் என்று அண்ணி மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. தண்டல் தினமும் வாசலுக்கு வரும். படிப்பு நாலு வருஷத்துக்கு ஒரு ரூபாய் கூடக் கொண்டுவராது. ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருத்தன் வேறு வீட்டில் இருக்கிறான். இந்த விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன்: தண்டல் வாங்கியோ, தாலிக்கொடியை அடகு வைத்தோ எந்தக் கல்லூரிக்கும் பணம் கட்டாதீர்கள்.

அடுத்தது அவள் மனசு. பி.இ. முதல் வருஷம் என்ன பிரிவாக இருந்தாலும் கணிதம், இயற்பியல், வேதியியல்தான் முன்னால் நிற்கும். எந்தப் பாடத்தைக் கண்டு இரண்டு வருஷம் பயந்தாளோ, அதையே விலை கொடுத்து வாங்கித் தருகிறீர்கள். பெயரில் 'டேட்டா' இருக்கிறது என்பதற்காக அவளுக்குப் பிடித்தது அங்கே கிடைத்துவிடாது.

அவளுக்குப் பிடித்தது எது என்று நீங்கள் கேட்கவில்லை. நான் கேட்டேன். "வீட்ல என்னம்மா வேலை செய்வே?" என்றதும் சிவப்பு அட்டை நோட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள், நிறுத்தவே இல்லை. எந்தப் படகுக்கு எத்தனை ஐஸ் பார் போனது, யார் பாக்கி என்று மூன்று வருஷமாக அவள்தான் எழுதுகிறாளாம். "ஒரே ஆளை அப்பா ஒரு நாள் அந்தோணிம்பாரு, ஒரு நாள் அந்தோணி அண்ணன்பாரு, ஒரு நாள் செவப்பு போட்டுக்காரர்ம்பாரு. பாக்கி கூட்டும்போது மூணு ஆளா வருது சார். அவரு நம்பர் மாத்திட்டாரு, நோட்ல நாப்பது இடத்துல பழைய நம்பர் இருக்கு." எரிச்சலோடு சொன்னாள். எனக்கு அந்த எரிச்சல்தான் அவளுடைய மார்க் ஷீட்.

கலந்தாய்வு, பாராமெடிக்கல், பி.காம்., போட்டித் தேர்வு இதையெல்லாம் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: ரிலேஷனல் டேட்டாபேஸ், அதாவது தகவல்களை டேபிள்களாகப் பிரித்து வைத்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் முறை. உங்கள் மகள் திட்டிக்கொண்டிருந்தது அதன் முதல் பாடத்தைத்தான்.

1970-இல் ஐ.பி.எம்.மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். அதுவரை கம்ப்யூட்டரில் ஒரு தகவலை எடுக்க வேண்டுமென்றால் அது எந்த இடத்தில், எதன் பின்னால் கோர்த்து வைக்கப்பட்டிருக்கிறது என்ற வழி தெரிந்திருக்க வேண்டும். வழி தெரிந்த ஆள் லீவு போட்டால் வேலை நின்றது. எல்லாவற்றையும் வெறும் டேபிள்களாக, அதாவது வரியும் கட்டமுமான அட்டவணைகளாக வையுங்கள், என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள், எப்படித் தேடுவது என்பது மெஷின் பாடு என்றார் காட். 1981-இல் அவருக்குக் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது கொடுத்தார்கள். 'ரிலேஷன்' என்றதும் டேபிளுக்கும் டேபிளுக்கும் உள்ள சொந்தம் என்று பல வாத்தியார்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்படியில்லை. கணிதத்தில் அந்த டேபிளுக்கே பெயர் ரிலேஷன். சொந்தக்காரர்கள் உள்ளே வருவது அப்புறம்தான், உங்கள் வீட்டில் வந்த மாதிரி.

சிவப்பு நோட்டுக்கு வருவோம். ஒரு வரி என்றால் ஒரு விற்பனை. அந்த வரியிலேயே ஆள் பெயர், போன் நம்பர், படகு, பார் எண்ணிக்கை, விலை எல்லாம் இருக்கிறது. போன் நம்பர் விற்பனையைப் பற்றிய தகவலா? இல்லை, ஆளைப் பற்றியது. ஆளைப் பற்றியதை ஆள் டேபிளில் ஒரே ஒரு தடவை எழுதினால் நாற்பது இடத்தில் திருத்த வேண்டியதில்லை. இப்படிப் பிரித்து வைப்பதற்குப் பெயர் நார்மலைசேஷன். புத்தகத்தில் முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று மிரட்டும். உள்ளே இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தத் தகவல் எதைப் பற்றியது?

படகு டேபிளில் ஒவ்வொரு வரியையும் குழப்பமில்லாமல் காட்டும் அடையாளத்துக்குப் பிரைமரி கீ என்று பெயர். ஆள் பெயர் ஆகாது, காசிமேட்டில் அந்தோணி எத்தனை பேர்! போன் நம்பரும் ஆகாது, அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே போன். படகில் பெயின்ட்டில் எழுதியிருக்கும் பதிவு எண் ஆகும். விற்பனை டேபிளில் படகின் கதையை முழுதாக எழுதாமல் அந்த எண்ணை மட்டும் எழுதினால், அங்கே அது ஃபாரின் கீ. படகு டேபிளில் இல்லாத எண்ணைத் தவறி எழுதினால் டேட்டாபேஸே "இப்படி ஒரு படகு இல்லை" என்று மறுத்துவிடும். நோட்டு என்றைக்காவது மறுத்திருக்கிறதா?

இதைவிட ருசியானது பங்கு விவகாரம். ஒரு படகில் மூன்று பேர் பங்கு. அதில் ஒருவருக்கே இன்னொரு படகிலும் பங்கு. படகு டேபிளில் 'பங்குதாரர் 1, 2, 3' என்று கட்டம் போட்டால் நாலாவது ஆள் வரும்போது மாட்டிக்கொள்வீர்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு டேபிள் வேண்டும்: படகு எண், ஆள் எண், எத்தனை பங்கு. இரண்டு எண்ணும் சேர்ந்ததுதான் அதன் கீ. ஒரு படகுக்குப் பல ஆள், ஒரு ஆளுக்குப் பல படகு என்ற இதை மெனி டு மெனி என்று சொல்லும்போது கல்லூரிப் பிள்ளைகள் விழிக்கும் இடம் இது. உங்கள் மகளிடம் பேப்பரில் வரைந்து காட்டினேன். "ஆமா சார், எங்க சித்தப்பாவுக்கு ரெண்டு போட்ல பங்கு இருக்கு" என்று பேனாவை வாங்கி மீதியை அவளே எழுதினாள்.

இன்னொன்று, நல் (NULL). எழுத்துக்கூட்டிப் படிக்க 'நல்ல' மாதிரி இருக்கும், பொருள் வெறுமை. கட்டிய தொகை 0 என்றால் கட்டவில்லை என்று தெரியும். கட்டமே காலியாக இருந்தால் கட்டினாரா இல்லையா என்பதே தெரியாது. இரண்டும் ஒன்றல்ல. 'தொகை 0 இல்லாதவர்களைக் காட்டு' என்று கேட்டால் காலிக் கட்டக்காரர்கள் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். அனுபவசாலிகளே இதில் சறுக்குவார்கள்.

டேட்டாபேஸிடம் கேட்பதற்கான மொழி எஸ்.க்யூ.எல். 1974-இல் ஐ.பி.எம்.மிலேயே சேம்பர்லினும் பாய்ஸும் 'சீக்வெல்' என்ற பெயரில் ஆரம்பித்தது. செலக்ட், ஃப்ரம், வேர், ஜாயின், குரூப் பை போன்ற சில சொற்களோடு "பத்தாயிரத்துக்கு மேல் பாக்கி வைத்திருப்பது யார்" என்பதற்கு ஒரு நொடியில் பதில் வரும். ஐம்பது வருஷமாகச் செத்துப்போகாத மொழி.

இதற்கு ஆகும் செலவு? எஸ்.க்யூ.லைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் முழுக்க இலவசம், உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அதேபோன்ற போஸ்ட்கிரஸும் மை எஸ்.க்யூ.எல்.லும் இலவசம். பழைய லேப்டாப் ஒன்று போதும், அதுகூடப் பிறகு. முதல் மாதம் கோடு போட்ட நோட்டில் டேபிள் வரையட்டும். அவளுடைய பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்திலேயே தரவுத்தளத்துக்கு ஒரு பாடம், எஸ்.க்யூ.எல்.லுக்கு ஒரு பாடம் தமிழில் இருக்கின்றன. முதன்மைத் திறவுகோல் என்று ஐந்து மார்க்குக்கு மனப்பாடம் செய்தது படகு எண்தான் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். 'மூன்று மாதத்தில் டேட்டா சயின்டிஸ்ட், வேலை கியாரண்டி' என்று பேனர் வைத்த இடங்களுக்கு நாற்பதாயிரம் கட்டக் கூடாது. கட்டிவிட்டு என்னிடம் அழ வந்தவர்கள் உண்டு.

பட்டத்துக்கு அரசுக் கலைக் கல்லூரி. பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது, மெட்ரோவில் போனால் மண்ணடியில் இறங்கலாம்; வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரி. கணினி அறிவியல் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் வேறு பாடமானாலும் சரி, டேட்டாபேஸை அவளே படிப்பாள். ஒன்பது லட்சத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அங்கே கட்டும் கட்டணம் உங்கள் ஒரு வார ஐஸ் காசு. உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. சேர்ந்ததும் கல்லூரியிலேயே கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

"இதெல்லாம் டேட்டா என்ட்ரி வேலை" என்று மச்சான் சொல்வார். சொல்லட்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பதை தினமும் பார்க்கிறீர்களே, ஒவ்வொரு பெட்டியிலும் நாலு எழுத்தும் ஏழு எண்ணும் இருக்கும். கடைசி எண், மற்றவை சரியாக எழுதப்பட்டனவா என்று கணக்குப் போட்டுச் சோதிப்பதற்கானது. அந்த எண்ணைத் தட்டுவது டேட்டா என்ட்ரி. அதே பெட்டி அடுத்த மாதம் திரும்பி வருமே, அப்போது இரண்டு வருகையையும் எப்படிப் பிரித்து அறிவது என்று யோசிப்பது டேட்டாபேஸ் வேலை. துறைமுகத்தை நம்பிய கிடங்குகள், கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்கள், ஆஸ்பத்திரிகள், மென்பொருள் கம்பெனிகளின் சப்போர்ட் பிரிவு எல்லாவற்றுக்கும் இப்படி யோசிக்கிற ஆள் வேண்டும். முதல் சம்பளம் சின்னதாகத்தான் இருக்கும், பெரிதாகச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். எஸ்.க்யூ.எல்.லை ஏ.ஐ.யே எழுதிவிடுமே என்றும் மச்சான் கேட்கலாம். எழுதும். செவப்பு போட்டுக்காரரும் அந்தோணி அண்ணனும் ஒரே ஆள் என்று அதற்கு யார் சொல்வது?

கிளம்பும்போது நீங்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தீர்கள். அவள் திரும்பி வந்து, "சார், பாக்கி இருக்கும்போதே படகை வித்துட்டா அந்தக் கடன் யார் மேல போவும்?" என்றாள். விற்பனை வரியில் படகு எண் மட்டும் இருந்தால், பாவம், புதிதாக வாங்கினவர் தலையில் போய் விழும். அன்றைக்கு ஐஸ் வாங்கிய ஆளின் எண்ணையும் அதே வரியில் எழுத வேண்டும். பதில் சொல்ல எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

மச்சானிடம் சீட் வேண்டாம் என்று இன்றைக்கே போன் செய்துவிடுங்கள், முன்பணம் எதுவும் கைமாறுவதற்குள். அவளிடம் படகு, ஆள், பங்கு, விற்பனை என்று நாலு டேபிளையும் ஜூன் 14-க்குள் முடிக்கச் சொல்லுங்கள். தடை முடிந்து முதல் லோடு ஏற்றுவதற்கு முன் பழைய பாக்கியைக் கேட்க வேண்டாமா?