வென்டிலேட்டரை எடுத்த பிறகும் முகத்தில் மாஸ்க் எதற்கு?

கேள்வி: “130 கிலோ எடையுள்ள என் மாமாவுக்கு வென்டிலேட்டர் குழாயை எடுத்த கையோடு மாஸ்க் போட்டு இன்னொரு இயந்திரத்தை மாட்டிவிட்டார்கள். பில்லை ஏற்றத்தான் என்கிறார்கள் உறவினர்கள். உண்மையா?”

ஐசியூ நர்ஸாக வேலை பார்ப்பவள் நான். “பில்லை ஏற்றத்தான்” என்பது சுருக்கென்று தைத்தது. வீண் பில் போடும் மருத்துவமனைகளே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் உங்கள் மாமா விஷயம் வேறு.

உடல் பருத்தவர்கள் படுத்தால் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும். நுரையீரலின் அடிப்பகுதி காற்றின்றிச் சுருங்கிவிடும். குழாய் இருக்கும்வரை வென்டிலேட்டரின் அழுத்தம் அதை விரித்து வைத்திருக்கும். குழாயை எடுத்ததும் அந்த அழுத்தம் போய்விடுவதால், மாமாவுக்கு மாட்டிய பைபேப் என்ற அந்த இயந்திரம் அதை மாஸ்க் வழியாகத் தருகிறது. பிரான்ஸில் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 30 அல்லது அதற்கு மேல் உள்ள சுமார் 980 பேரிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. வெறும் ஆக்சிஜன் பெற்றவர்களில் 26.5 சதவீதம் பேருக்கு மூன்று நாட்களுக்குள் சிகிச்சை கைகொடுக்கவில்லை. இடையிடையே மாஸ்க் அழுத்தமும் பெற்றவர்களில் அது 13.5 சதவீதம். (அத்தனை பேருக்கும் மறுபடி குழாய் போட்டார்கள் என்று அர்த்தமில்லை, பலருக்குச் சிகிச்சையை மாற்ற வேண்டியிருந்தது.)

எங்கள் வார்டில் மளிகைக்கடைக்காரர் ஒருவர் இருந்தார். மாஸ்க்கை வைத்தாலே பிடுங்கி எறிவார். “மூச்சு முட்டுகிறது என்கிறாரே, கழற்றிவிடுங்கள் சிஸ்டர்” என்று அவர் மனைவி அழுதார். டாக்டரிடம் சொல்லி அழுத்தத்தைக் குறைத்து, தலைப்பக்கத்தை உயர்த்தி, பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை அவர் கையிலேயே கொடுத்தேன். தானே பிடித்துக்கொண்டு பழகியபின் பட்டையைக் கட்டினேன். இரவில் கழற்றிவிட்டு ஆக்சிஜனில் தூங்கினார். “ஆக்சிஜன் 97 காட்டுகிறதே, நிம்மதியாகத் தூங்கட்டும்” என்றான் மகன். தட்டி எழுப்பினேன், கண் திறக்கவில்லை. விரலில் மாட்டும் கருவிக்குக் கரியமில வாயு தெரியாது. ஏபிஜி (தமனி ரத்தத்தில் வாயுக்களை அளக்கும் பரிசோதனை) எடுத்தால் அந்த வாயு எகிறியிருந்தது. டாக்டர் உடனே மாஸ்க்கை மாட்டி அழுத்தத்தைக் கூட்டினார். விடிவதற்குள் கடைக்காரர் காபி கேட்டார்.

அவரைத் திருப்பிப் படுக்க வைக்க நான்கு பேர் வேண்டும். இரவுப் பணியில் நாங்கள் இரண்டே பேர். என் இடுப்பு வலிக்கு எந்தக் காப்பீடும் இல்லை. கருத்துப் படிவத்தில் மட்டும் “நர்ஸ் தாமதமாக வந்தார்” என்று எழுதிப் போனார்கள். போகட்டும்.

நாளை டாக்டரைப் பார்க்கும்போது, பில்லைப் பற்றிக் கேட்பதற்கு முன் ஏபிஜியில் கரியமில வாயு எவ்வளவு என்று கேளுங்கள். மாமா எழுப்பியும் எழாமல் தூங்கினால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.