கையுறைக்குள் ரத்தம்: மகளுக்கு ஆபத்தா?

கேள்வி: என் மகள் மகப்பேறு மருத்துவத்தில் முதுகலை படிக்கிறாள். சென்ற மாதம் ஒரு சிசேரியன் முடிந்து கையுறையைக் கழற்றியபோது இடது ஆள்காட்டி விரலில் ரத்தம் இருந்ததாம். காயம் இல்லை. நோயாளிக்கு எச்.ஐ.வி. நெகட்டிவ். இரண்டு கையுறை போடச் சொன்னால், விரலுக்கு உணர்வே தெரியாது என்கிறாள். என்ன செய்யலாம், டாக்டர்?

பதில்: காயமோ வெடிப்போ இல்லாத தோலில் ரத்தம் பட்டதற்காகப் பயப்பட வேண்டாம், அம்மா. ஆனால் கையுறையில் ஓட்டை விழுந்த இடத்தைக் கவனியுங்கள். வலது கைப் பழக்கமுள்ளவர்களுக்கு அதிகம் துளைபடுவது இடது ஆள்காட்டி விரல்தான். கர்ப்பப்பையைத் தைக்கும்போது ரத்தம் தேங்கி ஊசிமுனை மறைந்துவிடும். அது எங்கே வெளிவருகிறது என்று விரலால் தடவுவார்கள். முதலில் விட வேண்டிய பழக்கம் இது. முனையை ஃபோர்செப்ஸால் (இடுக்கியால்) பிடிக்கட்டும். வயிற்றுத் தசையின் மேலுறையைத் தைக்க மழுங்கிய முனை ஊசியே போதும், கேட்டு வாங்கட்டும். ஊசியைக் கைக்குக் கை வாங்காமல், கிட்னி ட்ரேயில் வைத்து எடுக்கட்டும்.

உணர்வு குறைவதாகச் சொல்வது பெரும்பாலும் சைஸ் பிரச்சினை. வழக்கமாக 6.5 போடுபவர் உள்ளே 7, வெளியே 6.5 போட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஒரே சைஸாக இறுக்கினால் விரல் மரத்துப்போகும். உள்ளே அடர்நிறக் கையுறை இருந்தால், வெளிக் கையுறை துளைபட்டு ஈரம் புகுந்த இடம் தனியாகத் தெரியும், உடனே மாற்றிவிடலாம். கொஞ்ச நாளில் கை பழகிவிடும்.

நோயாளியின் ரிப்போர்ட்டை நம்பிப் பாதுகாப்பைக் குறைக்கக் கூடாது. தொற்றிய புதிதில் பரிசோதனை நெகட்டிவாகவே காட்டலாம்.

எச்.ஐ.வி.யை விட எனக்குக் கவலை, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி. கிருமியுள்ள ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 1000-இல் சுமார் 3. எதிர்ப்புச் சக்தி இல்லாதவருக்கு ஹெபடைடிஸ் பி 100-இல் 6 முதல் 30 வரை. இதற்கான தடுப்பூசியை 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று டோஸ் போட்டுக்கொண்ட பலர், அது வேலை செய்ததா என்று பார்ப்பதே இல்லை. கடைசி டோஸுக்கு 1–2 மாதம் கழித்து ரத்தத்தில் ஆன்டி-எச்பிஎஸ் (ஹெபடைடிஸ் பி எதிர்ப்புப் பொருள்) அளவு 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பல வருடம் ஆகி, அளவு குறைவாக வந்தால் இன்னொரு டோஸ் போட்டு மறுபடி பார்க்கலாம். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் தொற்றினால் மாத்திரையிலேயே குணமாக்க முடிகிறது.

ஊசி குத்திவிட்டால் கையுறையைக் கழற்றி ஓடும் தண்ணீரில் சோப்பால் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, பிளீச்சிங் திரவம் ஊற்றக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையென்றால் முதல் டோஸ் 2 மணி நேரத்துக்குள் போவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலனில்லை. தொடங்கினால் 28 நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். முதுகலை மாணவர்கள், ஆபரேஷன் பாதியில் எப்படி விலகுவது என்று தயங்கி, பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். சீனியரிடம் அப்போதே சொல்லிவிட்டுக் கை கழுவப் போகச் சொல்லுங்கள். வயிற்றை மூட அங்கே இன்னொருவர் இருப்பார்.