214,000 கி.மீ. ஓடின பிரியஸ்: வாங்கலாமா, விடலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு நாளாந்தம் வேலைக்குப் போய் வருகிறேன். போக, வர ஏறக்குறைய 130 கி.மீ. 2012ஆம் ஆண்டு டொயோட்டா பிரியஸ், மூன்றாம் தலைமுறை ஹைபிரிட் (பெற்றோல் இஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்தது), ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மீற்றரில் 214,000. “பற்றரிக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, டாஷ்போர்டில ஒரு லைற்றும் எரியேல்லை, பாருங்கோ” என்கிறார் விற்பவர். கிலோமீற்றரைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: கிலோமீற்றரை விடுங்கள். இந்தக் காரில் பயப்பட வேண்டியவை மூன்று: ஹெட் காஸ்கெட் (இஞ்சினின் மேல்பகுதிக்கும் சிலிண்டர்களுக்கும் இடையே கசியாமல் அடைக்கும் தகடு), பிரேக் பம்ப், பற்றரி. எல்லோரும் பற்றரியை மட்டும் கேட்டுவிட்டு முதலாவதில் போய் மாட்டுப்படுகிறார்கள்.

இதன் கியர்பெட்டிக்குள் பெல்ற்றும் இல்லை, கிளச்சும் இல்லை. பல்சக்கரங்களும் இரண்டு மோட்டார்களும்தான். இஞ்சினில் டைமிங் பெல்ற்றுக்குப் பதில் செயின். வேகம் குறைக்கையில் மோட்டாரே பெரும்பகுதி வேலையைச் செய்வதால் பிரேக் பாட் நீண்டகாலம் உழைக்கும். ஏ9 வீதியில் ஒரே வேகத்தில் 214,000 ஓடின காரை, 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் மாதக்கணக்காகக் கொட்டகைக்குள் நின்ற 90,000 கி.மீ. காரைவிட நம்பி எடுக்கலாம். நிக்கல் பற்றரி சும்மா நின்றாலும் சார்ஜ் இழக்கும்; செல்களுக்கிடையே சமநிலையும் குலையும்.

இனி ஹெட் காஸ்கெட். புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மறுபடி இஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் கூலர் ஒன்று இஞ்சினின் பின்பக்கம் இருக்கிறது. காலப்போக்கில் அதற்குள்ளும், இஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்ரேக் மனிபோல்ட்டின் சின்னத் துவாரங்களிலும் கரி அடைக்கும். சில சிலிண்டருக்குப் புகை போகும், சிலதுக்குப் போகாது. போகாதது கூடுதலாகச் சூடேறும். காஸ்கெட் பலவீனப்படுவதற்கு இந்தத் தலைமுறையை அதிகம் பார்த்த மெக்கானிக்மார் சொல்லும் முதற்காரணம் இதுதான். பிறகு இஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ற் சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் இறங்கும்.

சூடான இஞ்சினில் இது தெரியாது. ஆகவே இரண்டு தரம் போங்கள். முதல் நாள் பின்னேரம் 30, 40 கி.மீ. நன்றாக ஓடிச் சூடாக்கி, இஞ்சின் பக்கக் கூலன்ற் போத்தலின் மட்டத்தைப் போனில் படம் எடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த நாள் காலை நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். போனதும் பொனற்றில் கையை வையுங்கள். இளஞ்சூடு இருந்தால் ஆள் உங்களுக்கு முன்னமே “தயார்” பண்ணிவிட்டார். குளிர்ந்திருந்தால் கூலன்ற் மட்டத்தை நேற்றைய படத்தோடு ஒத்துப் பாருங்கள் (ஆறும்போது கொஞ்சம் இறங்கும், நிறைய இறங்கியிருந்தால் சந்தேகம்தான்). பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள். இஞ்சின் பிடித்த முதல் சில விநாடிகள் காரே கடகடவென்று நடுங்கி, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் அமைதியானால், அது அநேகமாகக் காஸ்கெட்தான். “காலைக் குளிருக்கு அப்படித்தான்” என்பார்கள். யாழ்ப்பாணத்தில் என்ன குளிர்? கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

நடுக்கம் இல்லாவிட்டாலும் ஈஜிஆர் கழற்றிக் கழுவிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கியதும் முதல் வேலை அது. ஒயில் குச்சியையும் இழுத்துப் பாருங்கள். இந்த இஞ்சின்களில் பல ஒயில் குடிக்கும். மொத்தக் கொள்ளளவே 4.2 லீற்றர்தான், ஒரு லீற்றர் குறைந்தாலும் பெரிய விஷயம்.

பிரேக் பம்பைக் காதால் பிடிக்கலாம். சாரதிக் கதவைத் திறந்ததும் ‘ஙீ...’ என்று சில விநாடி ஒரு சத்தம் வரும், அது இயல்பு. பிறகு பிரேக்கைத் தொடாமல் கதவைத் திறந்தபடி இருங்கள். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அது தானாக மறுபடி ஓடினால் உள்ளே அமுக்கம் கசிகிறது. பம்பும், பிரேக் அமுக்கத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் அக்சுவேற்றரும் சில்லறைச் சாமான் அல்ல.

பற்றரிக்கு வருவோம். 28 மொடியூல் (செல்கள் அடங்கிய சின்னக் கட்டுகள்), மொத்தம் 201.6 வோல்ற். கம்ப்யூட்டர் அவற்றை இரண்டிரண்டாக 14 தொகுதியாகப் பார்க்கிறது. காரின் கம்ப்யூட்டர் தகவலைப் போனுக்கு அனுப்பும் ஒரு புளூரூத் ஓபிடி அடப்ரரும், போனில் ‘டாக்டர் பிரியஸ்’ போன்ற ஒரு அப்பும் இருந்தால் அந்த 14 அளவுகளையும் நீங்களே பார்க்கலாம். வேறொருவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்து பாருங்கள். அக்சிலரேற்றரை அழுத்தும்போது எல்லாம் சேர்ந்து இறங்க வேண்டும், விட்டால் சேர்ந்து ஏற வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ற்றுக்குக் கிட்டத் தனியே விழுந்தால், அதற்குள் ஒரு செல் செத்துவிட்டது (ஒரு செல்லே 1.2 வோல்ற்தான்).

அடப்ரர் கிடைக்காவிட்டால் திரையில் பற்றரியின் சார்ஜைக் காட்டும் எட்டுக் கோடுகளையும் கவனியுங்கள். நல்ல பற்றரியில் அவை ஆறுதலாக ஏறி இறங்கும். ஆறிலிருந்து இரண்டுக்கு மளமளவென்று விழுந்து, உடனே துள்ளி ஏறினால் பற்றரி களைத்துவிட்டது. ஏசியைப் போட்டு நிற்பாட்டி வைத்தபோது ஒன்றிரண்டு நிமிடத்துக்கொருமுறை இஞ்சின் எழும்பினாலும் அப்படியே. பின் சீற்றின் வலப்பக்க ஓரத்தில் காற்று உறிஞ்சும் வலை இருக்கிறது. அது தூசியால் அடைபட்டிருந்தால் பற்றரி இத்தனை காலமும் சூட்டில் வெந்திருக்கிறது.

அந்த “லைற் எரியேல்லை” கதைக்கு மருந்தும் அதே அப்பில் இருக்கிறது. ‘கோட் அழித்த பின் ஓடிய தூரம்’ என்று ஒரு வரி வரும் (கோட் என்பது காரின் கம்ப்யூட்டர் பதியும் பழுதுக் குறியீடு). அதில் 9 கி.மீ. என்று இருந்தால் நேற்றோ இன்றோ யாரோ அந்தக் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. ஒரு கிழமை கழித்து வருகிறேன் என்று சொல்லுங்கள். பி0ஏ80 என்ற கோட் பற்றரியை மாற்றச் சொல்வது; சி1391 பிரேக் அமுக்கக் கசிவு.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் 2012ஆம் ஆண்டுப் பற்றரி 2012ஆம் ஆண்டுப் பற்றரிதான். புதிய பற்றரிக்கு இன்று இரண்டு இடத்தில் விலை கேட்டு, அதில் பாதியையாவது பேரத்தில் குறைக்கப் பாருங்கள். விற்பவர் ஒத்துக்கொண்டு, காலை ஸ்டார்ட்டும் அமைதியாக இருந்தால், நாளுக்கு 130 கி.மீ. ஓடும் உங்களுக்கு வாங்கலாம்.

கேள்வி: போன வருடம்தான் பற்றரி “ரிப்பேர்” செய்ததாகச் சொல்கிறார்கள். நல்லதுதானே?

பதில்: என்ன ரிப்பேர் என்பதைப் பொறுத்தது. பழுதான ஒரு மொடியூலைக் கழற்றி, வேறொரு பழைய பற்றரியிலிருந்து ஒன்றைப் பூட்டியிருந்தால் அது ஒட்டுப்போட்ட ரயர். மிச்சம் 27-உம் அதே வயது. சில மாதத்தில் அடுத்தது விழும். 28-உம் புதிதாகப் போட்ட பில்லும், எழுத்தில் உத்தரவாதமும், அது வாங்குபவருக்கு மாறுமா என்பதும் தெரிய வேண்டும். பற்றரியைத் திறந்து பார்க்கிறேன் என்று நீங்களாக இறங்காதீர்கள். செம்மஞ்சள் வயர்களில் போவது உயிர் எடுக்கும் மின்சாரம்; அதைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் பொறுத்துத்தான் தெரிந்தவர்களே தொடுவார்கள்.

கேள்வி: மீற்றரைத் திருப்பியிருக்கிறார்களா என்று எப்படித் தெரியும்?

பதில்: யப்பானின் ஏற்றுமதிச் சான்றிதழில் அங்கு பதிந்த தூரம் இருக்கும், இங்கு வந்தபின் சேர்விஸ் பில்களைத் திகதி வாரியாக அடுக்குங்கள். பிரேக் பெடல் ரப்பர் மழுங்கி, சாரதிச் சீற்றின் வெளி ஓரம் நைந்திருக்கும் கார் “70,000 கி.மீ.” என்றால் சிரித்துவிட்டு வரலாம். டிக்கியின் வலப்பக்கம் 12 வோல்ற் பற்றரி இருக்கும் குழியையும் பாருங்கள். அங்கே சேறு காய்ந்திருந்தால் வெள்ளத்தில் நின்ற கார். சீ.ஆர். புத்தகத்தில் (வாகனப் பதிவுப் புத்தகம்) லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் இருந்தால், அது நீங்கும்வரை முற்பணத்துக்கு மேல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.