போக்கரில் பேட் பீட் ஜாக்பாட் அடிக்க உண்மையில் எவ்வளவு வாய்ப்பு? அதற்காகவே போய் உட்காரலாமா?

உங்கள் ஊர் கார்டு ரூமில் (காசு வைத்துப் போக்கர் ஆடும் இடம்) பேட் பீட் ஜாக்பாட், அதாவது மிகப் பெரிய சீட்டுச் சேர்க்கை வைத்திருந்தும் தோற்றுப்போனால் கிடைக்கும் பரிசு, ஒரு லட்சம் டாலரை எட்டிவிட்டது, அதற்காகவே போய் ஆடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஏழெட்டு வருடமாக டெட்ராய்ட் பக்கம் சனிக்கிழமை இரவுகளில் டெக்ஸாஸ் ஹோல்டெம் ஆடுகிறவன். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து நடுவில், இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்க்கிற போக்கர் அது. முதலில் நான் பார்த்த ஒரு கையைச் சொல்கிறேன், கணக்கு அப்புறம்.

என் பக்கத்து இருக்கைக்காரர் கையில் கிளாவர் 8, கிளாவர் ராஜா. முதல் மூன்று பொதுச்சீட்டில் இரண்டு எட்டும் இஸ்பேட் 7-ம் வந்தன. நான்காவது இஸ்பேட் 6. கடைசியாக இன்னொரு எட்டு விழுந்தது. நான்கு எட்டு! இருந்த சில்லை எல்லாம் நடுவில் தள்ளிவிட்டார். எதிரே இருந்தவர் மெதுவாக இஸ்பேட் 9, இஸ்பேட் 10 இரண்டையும் திருப்பி வைத்தார். பொதுச்சீட்டில் இருந்த ஒரு எட்டு இஸ்பேட். ஆறு முதல் பத்து வரை ஒரே இனத்தில் வரிசையாக ஐந்து, அதாவது ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ். நான்கு ஒரே எண்ணை அது ஜெயித்துவிடும். மேசை முழுக்க எழுந்து நின்று கத்தியது. தோற்ற மனிதர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப் பிடித்தார், ஜாக்பாட் அடித்துவிட்டது என்று.

மேலாளர் வந்தார், சுவரில் மாட்டியிருந்த லேமினேட் செய்த தாளைக் காட்டினார். நான்கு ஒரே எண் என்றால், கையில் ஜோடி இருந்திருக்க வேண்டும். இவர் கையில் இருந்தது ஒரே ஒரு எட்டு. ஒரு டாலர் கிடையாது. தோற்றவர் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால் "வாய்ப்பு எவ்வளவு" என்பதற்கு ஒரே எண் கிடையாது. அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் எண்ணைத் தீர்மானிக்கிறது. ஏஸ் ஃபுல் ஹவுஸ் (மூன்று ஏஸும் ஒரு ஜோடியும்) தோற்றாலே போதும் என்று வைத்திருக்கிற இடத்தில் பல மடங்கு அடிக்கடி அடிக்கும். "நான்கு ஒரே எண் அல்லது அதற்கு மேல் தோற்க வேண்டும், இருவருக்கும் கைச்சீட்டு இரண்டும் சேர வேண்டும்" என்பது கடுமையான, ஆனால் பரவலான விதி. அதையே எடுத்துக்கொள்வோம்.

இரண்டு பேருக்கு இரண்டிரண்டு சீட்டு, நடுவில் ஐந்து. இப்படி விழக்கூடிய வகைகள் மொத்தம் சுமார் 2 லட்சத்து 78 ஆயிரம் கோடி. அதில் நான்கு ஒரே எண்ணை இன்னொரு நான்கு ஒரே எண் தோற்கடிப்பது 2,47,104 வகை. அதாவது ஒரு கோடியே 12 லட்சத்து சொச்சத்தில் ஒன்று. ஒன்பது பேர் உட்கார்ந்தால் 36 ஜோடி எதிரிகள், எனவே மேசைக்கு சுமார் 3 லட்சத்து 13 ஆயிரம் கையில் (ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) ஒன்று. ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ் கணக்கையும் சேர்த்தால் நான் போட்டுப் பார்த்ததில் தோராயமாக ஒன்றேகால் லட்சத்தில் ஒன்று வருகிறது. இதுவும் யாருமே ஃபோல்டு செய்யாமல், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகாமல், கடைசி வரை இருந்தால்தான். நிஜத்தில் கையில் ஐந்தும் ஆறும் போலச் சின்னச் சீட்டு வந்தால் முதலிலேயே போட்டுவிடுவார்கள், அதனால் இன்னும் அரிது.

2008 வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் என்ற பெரிய போக்கர் போட்டியின் மெயின் ஈவென்ட்டில் மோட்டோயுகி மாபுச்சியின் நான்கு ஏஸ், ஜஸ்டின் ஃபிலிப்ஸின் ராயல் ஃபிளஷிடம் (10 முதல் ஏஸ் வரையிலான ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ்) தோற்றது பலருக்கு நினைவிருக்கும். 270 கோடியில் ஒன்று என்று அதைப் பற்றி இன்றும் சொல்வார்கள். அது தப்பு. குறிப்பிட்ட இரண்டு பேருக்கு அப்படி நடக்க 44 கோடியில் ஒன்று, ஒன்பது பேர் மேசையில் யாராவது இருவருக்கு என்றால் 1 கோடியே 22 லட்சத்தில் ஒன்று. பாவம், அது போட்டி ஆட்டம், மாபுச்சிக்கு ஜாக்பாட்டும் கிடையாது.

சரி, இதை மணிக்கணக்காக மாற்றுங்கள். மேசையில் மணிக்கு 30 கை ஓடும். வாரம் ஐந்து மணி நேரம் ஆடினால் உங்கள் மேசையில் ஒரு தடவை நடக்க சராசரியாக 16 வருடம். ஜாக்பாட் பணத்தில் பொதுவாகத் தோற்றவருக்குப் பாதி, ஜெயித்தவருக்குக் கால், மீதிக் கால் மற்ற ஏழு பேருக்கு. அந்தத் தோற்றவர் நீங்களாக இருக்க வேண்டுமென்றால் அதைப் போல ஒன்பது மடங்கு, 144 வருடம். ஆனால் 20 மேசை, நாளுக்கு 16 மணி நேரம் ஓடுகிற இடத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை யாருக்காவது அடிக்கலாம். "அங்கே அடித்ததாம், இங்கே அடித்ததாம்" என்று நாம் கேள்விப்படுவது அதனால்தான்.

இனி பணம். டீலர் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் (நடுவில் சேர்ந்த பந்தயப் பணம்) ஒரு டாலர் சில்லை எடுத்து, ரேக் (கார்டு ரூம் எடுக்கும் கட்டணம்) போகும் துளையில் இல்லாமல் இன்னொரு துளையில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது கார்டு ரூம் தருகிற பரிசு இல்லை, நம் பணம். ஒன்றேகால் லட்சம் கைக்கு ஒன்றேகால் லட்சம் டாலர் போகிறது. ஜாக்பாட் அந்தத் தொகையைத் தாண்டினால்தான் மேசைக்குப் போட்டது திரும்பும் என்றே பேச முடியும். ஃபோல்டு கணக்கையும் சேர்த்தால் இன்னும் மேலே போக வேண்டும். உங்கள் ஊரில் இதே விதி என்றால் ஒரு லட்சம் போதாது. அதற்காகச் சின்ன ஜோடிகளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஈடாகப் பணம் போட்டு ஆட்டத்தில் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாதம் முடிவதற்குள் கையில் இருந்ததெல்லாம் கரைந்துவிடும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எப்படியும் ஆடத்தான் போகிறீர்கள் என்றால், உட்காருவதற்கு முன் அந்தத் தாளைப் படியுங்கள். குறைந்தபட்சப் பாட் எவ்வளவு, எத்தனை பேருக்குச் சீட்டுப் போட்டிருக்க வேண்டும் என்று பாருங்கள். கை ஓடும்போது ஜாக்பாட்டைப் பற்றிப் பேசினாலே செல்லாது என்று வைத்திருக்கிற இடங்கள் உண்டு. அப்படி ஒரு கை வந்து தோற்றுவிட்டால், கோபத்தில் சீட்டை டீலர் பக்கம் தள்ளிவிடாதீர்கள். திருப்பி வைத்துவிட்டு, அவர்கள் கேமராவைப் பார்த்து முடிக்கிற வரை அதைத் தொடாமல் உட்காருங்கள்.