இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு கணக்கு, மோட்டாருக்கு வேறு கணக்கு

கேள்வி: எங்கள் இஸ்திரிப் பெட்டியில் 230 வோல்ட், 1000 வாட் என்று பொறித்திருக்கிறது. மாலை நேரங்களில் எங்கள் பகுதியில் மின்னழுத்தம் 180 வோல்ட் வரை இறங்கிவிடுகிறது. அப்போது பெட்டி இழுக்கும் மின்னோட்டம் கூடுமா, குறையுமா? கிணற்று மோட்டாரில் என் மகன் 220 வோல்ட், 4 ஆம்பியர் அளந்து, மின்தடை 55 ஓம், திறன் 880 வாட் என்கிறான். ஆனால் மல்டிமீட்டர் சில ஓம்களையே காட்டுகிறது. எது சரி?
– வாசகர், குலசேகரம்

பதில்: மின்னோட்டம் குறையும். ஆயிரத்தை 180-ஆல் வகுத்து 5.6 ஆம்பியர் என்று சொல்பவர்கள், 1000 வாட் என்பது 230 வோல்ட்டில் மட்டுமே கிடைக்கும் அளவு என்பதை மறந்துவிடுகிறார்கள். பெட்டியில் ஏறக்குறைய மாறாமல் இருப்பது அதைச் சூடாக்கும் நிக்ரோம் கம்பியின் மின்தடைதான். 230-ஐ 230-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் அது 52.9 ஓம் என்று கிடைக்கிறது. 180 வோல்ட்டை இந்த 52.9-ஆல் வகுத்தால் மின்னோட்டம் 3.4 ஆம்பியர்; இரண்டையும் பெருக்கினால் திறன் சுமார் 612 வாட். மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைய, திறனோ ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடுகிறது. இதனால் மின்கட்டணம் மிச்சமாகும் என்று மகிழ வேண்டாம். அதே சூட்டை எட்டப் பெட்டி கூடுதல் நேரம் எரியும்.

ஆரல்வாய்மொழியில் அத்தனை காற்றாலைகள் சுழன்றாலும், டிரான்ஸ்பார்மரிலிருந்து நீளும் கம்பியின் கடைசி வீட்டில் மின்னழுத்தம் இறங்குவதற்கும், மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் மின்தடையையும் இணைக்கும் இதே ஓம் விதிதான் காரணம். கம்பிக்கும் மின்தடை உண்டு. எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் மின்னோட்டத்தை இழுக்கும்போது, அந்த மின்னோட்டத்தைக் கம்பியின் மின்தடையால் பெருக்கினால் வரும் வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது.

மோட்டாரைப் பொறுத்தவரை, உங்கள் மகனின் வகுத்தலும் மல்டிமீட்டரும் இரண்டுமே சரி. அவை அளப்பவைதான் வேறு. மல்டிமீட்டர் காட்டுவது, நின்றிருக்கும் மோட்டாரில் சுற்றப்பட்ட செம்புக் கம்பியின் மின்தடையை மட்டும். (இந்த அளவை மின் இணைப்பை முழுவதுமாகத் துண்டித்த பிறகே எடுக்க வேண்டும்.) மோட்டார் ஓடும்போது அதன் காந்தப்புலம் மாறுமின்னோட்டத்துக்கு எதிரான ஒரு மின்னழுத்தத்தைச் சுருளில் உண்டாக்குவதால், மின்னோட்டம் பெரிதும் கட்டுப்படுகிறது. ஆகவே 55 ஓம் என்பது ஓடும் மோட்டாரின் மொத்த எதிர்ப்பான இம்பீடன்ஸ். மின்தடை என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. இதே மோட்டார் குறைந்த மின்னழுத்தத்தில் நீரை இறைக்கத் திணறும்போது, இஸ்திரிப் பெட்டிக்கு நேர்மாறாக, பெரும்பாலும் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். சுழலவே முடியாமல் உறுமிக்கொண்டு நின்றால் அது வழக்கத்தைப் போலப் பல மடங்காகி, சுருள் எரிந்துவிடும். 180 வோல்ட்டில் மோட்டாரைப் போடாதீர்கள்.

880 என்பதும் வாட் அன்று, வோல்ட் ஆம்பியர். அதில் எத்தனை பங்கு உண்மையான திறனாகிறது என்று காட்டும் எண்ணான திறன் காரணியால் (power factor) பெருக்கினால்தான் வாட் கிடைக்கும். அந்தக் காரணியை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மோட்டார் ஓடும்போது மின்வாரிய மீட்டரின் சிறு விளக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று மகனை எண்ணச் சொல்லுங்கள். ஒரு யூனிட்டுக்கு (1000 வாட் ஒரு மணி நேரம்) விளக்கு 3200 முறை மின்னும் என்று மீட்டரில் அச்சிட்டிருந்து, நிமிடத்துக்கு 35 முறை, அதாவது மணிக்கு 2100 முறை மின்னினால், 2100-ஐ 3200-ஆல் வகுத்து 1000-ஆல் பெருக்க, மோட்டார் எடுக்கும் திறன் சுமார் 656 வாட்; அதை 880-ஆல் வகுக்க, திறன் காரணி ஏறத்தாழ 0.75.